ஆட்டத்தில் இல்லை அசிங்கம்



டி.வி.யில் 'பெல்லி டான்ஸ்' வந்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பதும், சேனலை மாற்றுவதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் எகிப்து மாதிரி நாடுகளில் கல்யாண வீட்டில் பாட்டி முதல் பேத்தி வரை பெண்கள் கூடிச் சந்தோஷமாக ஆடும் ஆட்டத்தில் இருந்து வந்தது அது. வயிற்றைச் சொல்லிப் பெயர் வைத்தது வெள்ளைக்காரர்கள். 1893-ல் அமெரிக்காவின் சிகாகோ கண்காட்சிக்குப் பிறகு அந்தப் பெயர் ரொம்பவே பரவிவிட்டது.

நம்ம ஊர் சதிராட்டத்துக்கும் இதே போல் பழி வந்தது. அதைத் துடைக்க ஆயுசு முழுக்கப் பாடுபட்டவர் பாலசரஸ்வதி அம்மாள்.

1918-ல் சென்னையில் பிறந்தவர். பாட்டி, புகழ் பெற்ற வீணை தனம்மாள். அம்மா ஜெயம்மாள் நல்ல பாடகி. சங்கீதமும் ஆட்டமும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கையில் வளர்ந்த குடும்பம். கந்தப்பப் பிள்ளையிடம் கற்று, 1925-ல், 7 வயதிலேயே, காஞ்சிபுரத்தில் அம்மன் கோயிலில் அரங்கேற்றம் செய்தார்.

சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடி, 1947-ல் சட்டமும் வந்தது. பெண்களுக்கு அது பெரிய விடிவு. ஆனால் அந்த வழக்கத்தோடு சேர்த்து ஆட்டத்தையும் கேவலம் என்று ஒதுக்கினார்கள் பலர். 1930-களில் 'பரதநாட்டியம்' என்ற பெயர் பரவி, மற்ற வீட்டுப் பெண்களும் கற்க வந்தபோது, சிருங்காரத்தைக் குறைத்தால்தான் மரியாதை என்ற பேச்சு எழுந்தது. பாலசரஸ்வதி அதற்கு மட்டும் சம்மதிக்கவே இல்லை. பதத்தில் நாயகி ஏங்குவது, தெய்வத்துக்காக உயிர் ஏங்குவதுதான், அதில் அசிங்கம் ஏதும் இல்லை என்பது அவர் கட்சி. தானே பாடிக்கொண்டு அபிநயம் பிடித்து அதை மேடையில் காட்டினார்.

1953-ல் சென்னை மியூசிக் அகாடமியில் நாட்டியம் சொல்லித்தர ஆரம்பித்தார். 1961-ல் ஜப்பானிலும், 1963-ல் எடின்பரோ விழாவிலும் ஆடினார். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். சங்கீதத் துறையினருக்கே கொடுத்து வந்த சங்கீத கலாநிதி விருது, 1973-ல் முதல் முறையாக நாட்டியக்காரர் ஒருவருக்குக் கிடைத்தது என்றால், அது இவருக்குத்தான். 1976-ல் சத்யஜித் ரே இவரைப் பற்றிப் படமே எடுத்தார். 1977-ல் பத்மவிபூஷண். 1984-ல் காலமானார்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. எட்டாவது படிக்கும் என் மகள் வாரா வாரம் பஸ் ஏறி மதுரைக்குப் போய் நாட்டியம் கற்கிறாள். வயசுக்கு வந்த பிள்ளைக்கு ஆட்டம் எதற்கு, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று சொந்தக்காரர்கள் நிறுத்தச் சொல்கிறார்கள். நான் நிறுத்தப் போவதில்லை. பாலசரஸ்வதி அம்மாளின் கதையைத்தான் அவர்களுக்குப் பதிலாகச் சொல்லி வருகிறேன்.

உங்கள் வீட்டிலும் சலங்கை கட்ட ஆசைப்படும் பெண் இருந்தால், ஊர் வாய்க்குப் பயந்து தடுக்காதீர்கள் தோழிகளே!

- ஒரு வாசகி, காரியாபட்டி.