தோல்வியில் துவளாத மருத்துவர்

நீலாய் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் பல்லாண்டுகள் குனிந்தும் நிமிர்ந்தும் பால்மரம் வெட்டியவர்களுக்கு மூட்டுவலி புதிதன்று. ஒரு காலத்தில், இடுப்பு மூட்டு தேய்ந்தவர்கள் கைத்தடியோடும் கட்டிலோடும் நாள்களைக் கழித்தனர். இன்றோ, செயற்கை மூட்டுப் பொருத்திக்கொண்டு எழுந்து நடக்க முடிகிறது. இதற்கு வழிவகுத்தவர்களுள் தலையாயவர் சர் ஜான் சார்ன்லி.

சார்ன்லி 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் இங்கிலாந்தில் உள்ள பெரி நகரில் பிறந்தார். இவருடைய தந்தை மருந்தாளர், தாய் தாதி. மான்செஸ்டரில் மருத்துவம் பயின்ற இவர், இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றினார்.

போருக்குப் பின், செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்ட ஒருவர் அசையும்போதெல்லாம் 'கிறீச்' என்று ஒலி எழுவதைச் சார்ன்லி அறிந்தார். உராய்வே அதற்குக் காரணம் என உணர்ந்தார். மூட்டின் பந்து பெரிதாக இருந்தால், உராய்வு கிண்ணத்தை முறுக்கித் தளரச் செய்யும். ஆகவே, படிப்படியாகப் பந்தின் அளவைக் குறைத்து, ஏறத்தாழ 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுப் பந்தை அமைத்தார். அது சுழல்வதற்கு வழவழப்பான டெஃப்லான் கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்தார்.

1958 முதல் ஏறத்தாழ 300 பேர் இச்சிகிச்சையைப் பெற்றனர். வலி நீங்கி அவர்கள் நடந்தனர். ஆனால், சில ஆண்டுகளிலேயே டெஃப்லான் தேய்ந்தது. அதன் துகள்கள் மூட்டைச் சுற்றியிருந்த திசுக்களைக் கெடுத்தன. வலி மீண்டும் வந்தது. வழவழப்பான பொருளெல்லாம் நீடித்து உழைக்கும் பொருளாகிவிடாது என்பதைச் சார்ன்லி உணர்ந்தார். அவர் தோல்வியை மறைக்கவில்லை. டெஃப்லான் துகள்களைத் தம் தொடையிலேயே செலுத்தி அவற்றின் தீமையை ஆராய்ந்தார். பாதிக்கப்பட்டோருக்குத் தாமே மறு அறுவைச் சிகிச்சை செய்தார்.

1962ஆம் ஆண்டில், நெசவு இயந்திரப் பற்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பாலிஎத்திலீன் என்னும் நெகிழி அவரது ஆய்வுக்கூடத்தை எட்டியது. முதலில் சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை இல்லை. எனினும், அவருடைய உதவியாளர் ஹாரி கிரேவன் அதனைச் சோதித்துப் பார்த்தார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட, அது மூன்று வாரங்களில் தேயவில்லை! அவ்வாண்டு நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்தைச் சார்ன்லி பொருத்தத் தொடங்கினார். ஆயினும், முன்னைய பாடத்தை மறவாமல், அதன் உறுதி தெளிவாகும்வரை பிறர் அதனைப் பரவலாகப் பயன்படுத்த இசையவில்லை.

1977இல் 'சர்' பட்டம் பெற்ற சார்ன்லி, 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் மறைந்தார். சிறிய பந்தும் எளிதில் தேயாத கிண்ணமும் மட்டுமல்ல, தவற்றை ஒப்புக்கொண்டு திருத்திய நேர்மையும் பலரை மீண்டும் நடக்க வைத்தது.