கறிவேப்பிலைக்குள் ஒளிந்திருப்பவர்



எங்கள் குலசேகரம் பக்கத்தில் கறிவேப்பிலை போடாத அவியல் கிடையாது. அந்தக் கறிவேப்பிலையின் அறிவியல் பெயருக்குள் ஒரு மனிதர் ஒளிந்திருக்கிறார், தெரியுமா? அவர்தான் கொயினிக். கடலில் பூக்கும் ஒரு புல்லுக்கும் அவருக்கும்கூடத் தொடர்பு உண்டு.

ஜோகன் கெர்ஹார்ட் கொயினிக் 1728ம் ஆண்டு ஐரோப்பாவில் பிறந்தார். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸிடம் தாவரவியல் படித்தார். பூவிலுள்ள மகரந்தத்தாள்களையும் சூல்தண்டுகளையும் எண்ணி, செடிகளை வகை பிரித்தவர் லின்னேயஸ். ஆகவே, அவருடைய மாணவர்கள் செடியைக் கண்டால் முதலில் பூவைத்தான் தேடுவார்கள்!

1768ம் ஆண்டு டேனிஷ் மிஷன் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார் கொயினிக். வைத்தியம் பார்த்த நேரம் போக, காடு மேடு, கடற்கரை என்று அலைந்தார். செடிகளை உலர்த்தி, கப்பலில் குருவுக்கு அனுப்பினார். 1771ல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு, 'பெர்கெரா கொயினிகி' என்று மாணவரின் பெயரையே சூட்டினார். பிற்காலத்தில் அது 'முர்ரயா கொயினிகி' ஆனது. முன்பெயர் மாறினாலும் 'கொயினிகி' மாறவில்லை.

செடிகள் மீது கொண்ட ஆசை அவரை விடவில்லை. 1774ல் மிஷன் வேலையை விட்டு, ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். 1778ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆய்வாளரானார். சயாம், மலாக்கா, இலங்கை என்று பயணம் செய்தார்.

இலங்கைக் கடலில் அவர் சேகரித்த ஒரு கடற்புல்லுக்கு, லின்னேயஸின் மகன் பெயர் சூட்டினார். இன்று அதன் பெயர், 'என்ஹாலஸ் அகோராய்டிஸ்'. நம் பாக் நீரிணையிலும் அது வளர்கிறது. நாடா போன்ற அதன் இலை ஒரு மீட்டருக்கு மேலும் நீளும்.

கடலில் வண்டு இல்லை, பட்டாம்பூச்சி இல்லை. பிறகு எப்படி மகரந்தச் சேர்க்கை நடக்கும்? இதன் பெண்மலர் நீண்ட காம்பில் இருக்கும். கடல் நன்கு வற்றும் நேரத்தில் அது நீர்மட்டத்தில் விரியும். அடியிலிருக்கும் குட்டி ஆண்மலர்கள் காம்பிலிருந்து கழன்று, மேலே மிதந்து வரும். காற்றும் அலையும் அவற்றைப் படகு போலத் தள்ளிச் சென்று பெண்மலரிடம் சேர்க்கும். பிறகு, பெண்மலரின் காம்பு சுருண்டு பூவை நீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் அங்கேயே முற்றும். எத்தனை அழகான ஏற்பாடு பாருங்கள்!

உலர்ந்த செடியில் இந்த அதிசயம் தெரியாது. உயிருள்ள கடலில்தான் காண முடியும். கடற்புல் அழிந்தால், அதை உண்டு வாழும் கடற்பசுவும் அழியும். அதனால்தான் தமிழக அரசு 2022ல் பாக் விரிகுடாவில் கடற்பசு பாதுகாப்பகம் அமைத்தது.

1785ம் ஆண்டு, ஆந்திராவில் காக்கிநாடாவுக்கு அருகில் கொயினிக் காலமானார். தமது குறிப்புகளை எல்லாம், லண்டனிலிருந்த தாவர அறிஞர் ஜோசப் பேங்க்சுக்கு விட்டுச் சென்றார். வீடோ, பொன்னோ அல்ல. பார்த்தவற்றை எழுதிய தாள்களே அவருடைய சொத்து!

குழந்தைகளே, உங்கள் வீட்டுக் கறிவேப்பிலை பூக்கும்போது ஒரு பூவைக் கையில் எடுங்கள். ஐந்து இதழ்கள் இருக்கும். மகரந்தத்தாள்கள் பத்து இருக்கிறதா என்று எண்ணுங்கள். எண்ணியதை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். கொயினிக்கும் அப்படித்தான் தொடங்கினார்.