தலைதட்டி அளக்கக் கற்றுத் தந்த அம்மையார்

ஃபேனி ஃபார்மர் அம்மையார் 1857ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஓர் அச்சகத்தார். பெண் பிள்ளைகள் நால்வரில் இவரே மூத்தவர். பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்று எண்ணிய குடும்பம் அது. மூத்த மகளைக் கல்லூரிக்கு அனுப்பவும் நினைத்திருந்தது.

உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 16ஆம் வயதில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. படிப்பு நின்றது. பல ஆண்டுகள் நடக்கவே இயலவில்லை. பெற்றோரின் வீட்டிலேயே இருந்தவர், உடல் சற்றுத் தேறியதும் அடுப்படியில் நின்று சமைக்கப் பழகினார். கால் ஊனம் மட்டும் கடைசிவரை நீங்கவில்லை. 30 வயதில், தம்மினும் இளையவர்களோடு பாஸ்டன் சமையற்கலைப் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். 1889இல் தேறினார், அங்கேயே உதவி ஆசிரியையாகிப் பின்னர் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

அக்காலத்துச் சமையல் குறிப்புகளில் முட்டை அளவு வெண்ணெய், குவித்த கரண்டி மாவு என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். யார் வீட்டுக் கோழியின் முட்டை? எவ்வளவு குவியல்? குழம்பு என்றால் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம். கேக்கை அடுப்பில் வைத்தபின் கை வைக்க முடியுமா? தராசு இருந்தால் தொல்லையில்லை; ஆனால் அமெரிக்க இல்லங்களில் கோப்பையால் அளப்பதே வழக்கம். அந்தக் கோப்பையையே தராசைப் போல் நம்பத்தக்கதாக்க வேண்டும் என்பதே அம்மையாரின் முயற்சி. இதில் அவருக்கு முன்னோடியும் உண்டு. அதே பள்ளியில் கற்பித்த மேரி லிங்கன் அம்மையார் 1884இலேயே அளவுகளைக் குறித்து நூல் எழுதியிருந்தார். ஃபார்மர் அம்மையார் அதை இன்னும் கண்டிப்பாக்கினார்.

அவர் வகுத்த முறை இது: மாவை முதலில் சலிக்க வேண்டும். கரண்டியால் மெல்ல அள்ளிக் கோப்பையில் இட வேண்டும். குலுக்கவோ அழுத்தவோ கூடாது. பின் கத்தியின் முதுகால் தலைதட்ட வேண்டும். வெண்ணெயையோ இடைவெளியின்றி அழுத்தி நிரப்ப வேண்டும். அரைக் கரண்டி வேண்டுமானால், தலைதட்டிய கரண்டியை நீளவாக்கில் கத்தியால் பிளந்து பாதியைத் தள்ளிவிட வேண்டும்.

இவ்வாறு அளந்தால் 4 கோப்பை மாவு ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம். சீனியும் வெண்ணெயும் 2 கோப்பையே ஒரு பவுண்டு. ஒரே கோப்பையில் மாவு 113 கிராம், சீனி 227 கிராம்! மாவுத் துகள்களுக்கிடையே காற்று நிறைய இருப்பதே காரணம். அதே மாவைச் சலிக்காமல் அழுத்தி அள்ளினால் ஒரு கோப்பை 140 கிராமையும் தாண்டும். 4 கோப்பையில் 100 கிராமுக்கு மேல் கூடிவிடும். கேக் வறண்டு கல்லாவது இதனால்தான். அவருடைய கோப்பை அமெரிக்க அரை பைண்ட், ஏறத்தாழ 237 மில்லி லிட்டர் என்பதையும் வீட்டில் செய்து பார்க்கும் சகோதரிகள் நினைவில் வைக்க. காப்பி குடிக்கும் கோப்பை உதவாது.

1896இல் இம்முறைகளையெல்லாம் தொகுத்து ஒரு பெரிய சமையல் நூல் எழுதினார். அது விலைபோகும் என்று பதிப்பகத்தாருக்கு நம்பிக்கையில்லை. அச்சுச் செலவை ஆசிரியரே ஏற்க வேண்டும் என்றார்கள். 3,000 படிகளே அச்சிட்டார்கள். அம்மையார் பணத்தைக் கட்டினார். நூல் மறுபதிப்புகளாய் வந்து இலட்சக்கணக்கில் விற்றது. செலவை ஏற்றவர் என்பதால் உரிமையும் இலாபமும் அவருக்கே சேர்ந்தன. ஆசிரியை அருகில் இல்லாத வீடுகளிலும் இளம் பெண்கள் அதைப் பார்த்துக் கேக் சுட்டார்கள்.

1902இல் தம் பெயராலேயே ஒரு பள்ளி தொடங்கினார். நோயாளிகளுக்கான உணவைப் பற்றி 1904இல் நூல் எழுதினார். ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியிலும் அதுபற்றி உரையாற்றினார். பள்ளிப் படிப்பை நோயால் இழந்த பெண் மருத்துவர்களுக்கே பாடம் சொன்னார்!

மீண்டும் பக்கவாதம் தாக்கியது. கடைசி ஏழாண்டுகள் சக்கர நாற்காலியில் கழிந்தன. அதில் அமர்ந்தபடியே வகுப்பெடுத்தார். 1915 ஜனவரியில், தம் 57ஆம் வயதில் காலமானார். அதற்குப் பத்து நாள் முன்புவரை சொற்பொழிவாற்றினார்.