மனிதனின் முதல் வீட்டைத் தேடியவர்!



உங்கள் தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய தாத்தாவின் பெயர்? கொஞ்சம் யோசிப்பீர்கள். அவருக்கும் முன்னால் யார், அதற்கும் முன்னால் யார் என்று போய்க்கொண்டே இருந்தால், மனித இனம் முதன்முதலில் எந்த மண்ணில் பிறந்தது என்ற கேள்வியில் போய் நிற்போம். அந்தக் கேள்விக்கு விடை தேடி வாழ்நாள் முழுவதும் மண்ணைத் தோண்டியவர் லூயிஸ் லீக்கி. அவருடைய கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

கறுப்புக் கல்

ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டில், நைரோபி நகருக்கு அருகே கபேட்டே என்ற ஊர் இருக்கிறது. 1903ம் ஆண்டு ஆகஸ்ட் 7ம் தேதி அங்கே பிறந்தான் லூயிஸ். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்தவ போதகர்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும் மண் வீடு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் கிகுயு இன மக்கள். அவர்களுடைய பிள்ளைகளோடு ஓடியாடி வளர்ந்ததால், ஆங்கிலம் போலவே கிகுயு மொழியும் லூயிசுக்குத் தண்ணீர் பட்ட பாடு!

ஒரு கிறிஸ்துமஸ் பண்டிகைக்குக் கற்கால மனிதர்களைப் பற்றிய புத்தகம் ஒன்று அவனுக்குப் பரிசாகக் கிடைத்தது. அதைப் படித்ததிலிருந்து அவன் கண்கள் தரையிலேயே இருந்தன. மழை கரைத்த மண்ணிலும், வெட்டிய பாதை ஓரங்களிலும் கறுப்புக் கண்ணாடி போலப் பளபளக்கும் கற்கள் கிடைத்தன. அவற்றின் ஓரம் கத்தி போலக் கூர்மையாக இருந்தது. நைரோபி அருங்காட்சியகக் காப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினான். சில கற்கள் பழங்கால மனிதர்கள் செதுக்கிய கருவிகள்தான் என்று அவர் உறுதி செய்தார். அன்றே லூயிசின் வாழ்க்கைப் பாதை முடிவாகிவிட்டது.

ஆசியாவா, ஆப்பிரிக்காவா?

பிறகு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே ரக்பி விளையாட்டில் தலையில் பலத்த அடி. படிப்பை நிறுத்தி ஓய்வெடுக்கும்படி மருத்துவர்கள் சொன்னார்கள். அவரோ, டைனோசர் எலும்பு தேடும் குழுவோடு 1924ல் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்! எலும்புகளை உடையாமல் எடுக்கும் வித்தையை அங்கேதான் கற்றார்.

மனிதன் பிறந்தது ஆப்பிரிக்காவாக இருக்கலாம் என்று டார்வின் 1871லேயே எழுதியிருந்தார். ஆனால், ஜாவா தீவிலும் சீனாவிலும் பழைய மனித எலும்புகள் கிடைத்ததால், அறிஞர்கள் பலரும் ஆசியாவையே கை காட்டினார்கள். ஆப்பிரிக்காவில் தேடுவது வீண் வேலை என்று லீக்கிக்கும் அறிவுரை சொன்னார்கள். அவர் கேட்கவில்லை.

1931ல், இன்றைய தான்சானியா நாட்டில் உள்ள ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் இறங்கினார். அங்கே ஏற்கனவே ஆய்வு செய்த ஹான்ஸ் ரெக் என்ற ஜெர்மானிய அறிஞர், இங்கே கல் கருவிகளே கிடையாது என்று நினைத்தார். ஒரே நாளில் கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று 10 பவுண்டு பந்தயம் கட்டினார் லீக்கி. மறுநாளே கல் கோடரி கிடைத்தது. பந்தயத்தில் ஜெயித்தார்!

சறுக்கல்

ஆனால், எல்லாம் நல்லபடியாகவே நடந்துவிடவில்லை. 1932ல் விக்டோரியா ஏரிக்கு அருகே ஒரு தாடை எலும்பும், மண்டை ஓட்டுத் துண்டுகளும் கிடைத்தன. நம்மைப் போன்ற மனிதர்கள் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்ததற்கு இவைதான் சாட்சி என்று அறிவித்தார் லீக்கி.

இதைச் சோதிக்க, 1935ல் பாஸ்வெல் என்ற நிலவியல் பேராசிரியர் வந்தார். எலும்பு கிடைத்த இடம் எது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. லீக்கியால் சரியாகக் காட்ட முடியவில்லை! அடையாளத்துக்கு அடித்து வைத்த இரும்பு முளைகள் காணாமல் போயிருந்தன. தாடை கிடைத்த இடம் என்று அவர் காட்டியிருந்த புகைப்படமும் வேறு இடத்தினுடையது. எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்று தெரியாவிட்டால், எலும்பின் வயதை எப்படிச் சொல்வது? பாஸ்வெல் இதைப் பத்திரிகையில் எழுதிவிட்டார். லீக்கியின் மதிப்பு சரிந்தது.

வேறு ஒருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். லீக்கி மீண்டும் ஓல்டுவாய்க்கே போனார். 1936ல் அவர் மணந்துகொண்ட மேரி, தோண்டும் வேலையில் மிகுந்த கவனம் உள்ளவர். எந்தப் பொருள் எங்கே, எந்த அடுக்கில் கிடைத்தது என்று ஒன்று விடாமல் வரைபடத்தில் குறித்துவிடுவார். கொளுத்தும் வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு, கையில் பணமில்லை. ஆனாலும், வருடக்கணக்கில் தேடினார்கள்.

28 ஆண்டுக் காத்திருப்பு

1959 ஜூலை 17. காய்ச்சலால் லீக்கி கூடாரத்தில் படுத்திருந்தார். மேரி மட்டும் நாய்களுடன் கிளம்பினார். ஒரு சரிவில் எலும்பு ஒன்று எட்டிப் பார்த்தது. மண்ணை மெல்லத் தள்ளினால், பெரிய பெரிய பற்கள்! உடனே ஜீப்பில் பறந்து வந்து செய்தியைச் சொன்னார். காய்ச்சலை மறந்து எழுந்து ஓடினார் லீக்கி. நூற்றுக்கணக்கான துண்டுகளைப் பொறுமையாக ஒட்டியதும் ஒரு மண்டை ஓடு உருவானது.

அதன் வயது என்ன? சுமார் 6 லட்சம் ஆண்டு இருக்கும் என்று லீக்கி நினைத்தார். எரிமலைச் சாம்பலில் உள்ள ஒருவகைப் பொட்டாசியம், காலப்போக்கில் ஆர்கான் வாயுவாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால், சாம்பல் விழுந்த காலம் தெரிந்துவிடும். 1961ல் அப்படிக் கணக்கிட்டபோது, விடை 17½ லட்சம் ஆண்டுகள்! அறிவியல் உலகமே அசந்துபோனது.

இந்த உயிரினம் நம் நேரடி முன்னோர் அல்ல, பக்கத்துக் கிளை என்று பிறகு தெரிந்தது. ஆனால், அதே பள்ளத்தாக்கில் இன்னும் பெரிய மூளை கொண்ட ஒருவரின் எலும்புகளும் கிடைத்தன. கருவி செய்யத் தெரிந்தவர் என்பதால், கைத்திறன் மனிதன் என்று பொருள்படும் 'ஹோமோ ஹாபிலிஸ்' என்ற பெயரை 1964ல் சூட்டினார்கள். அதன்பின் உலகின் பார்வை ஆப்பிரிக்காவின் பக்கம் திரும்பியது.

நம் நீண்ட நடைப்பயணம்

1967ல் லீக்கியின் மகன் ரிச்சர்டின் குழு, எத்தியோப்பியாவின் ஓமோ நதிக்கரையில் நம் இனத்தைச் சேர்ந்த மனிதர்களின் எலும்புகளைக் கண்டெடுத்தது. அவற்றில் ஒருவருடைய வயது குறைந்தது 2 லட்சத்து 30 ஆயிரம் ஆண்டுகள் என்று 2022ல் கணக்கிட்டிருக்கிறார்கள். மொராக்கோ நாட்டில் கிடைத்த எலும்புகளோ சுமார் 3 லட்சம் ஆண்டுப் பழமை என்று 2017ல் அறிவித்தார்கள்.

அந்த மனிதர்களில் சிலர் ஆப்பிரிக்காவை விட்டு வெளியே நடந்தார்கள். இன்று மற்ற கண்டங்களில் வாழ்பவர்களின் முன்னோர் பெரும்பாலும் சுமார் 60 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கிளம்பியவர்களே என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. தலைமுறை தலைமுறையாக நடந்து ஆசியாவில் பரவினார்கள். கடல் கடந்து ஆஸ்திரேலியாவை அடைந்தார்கள். அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அப்படியானால், உலகில் உள்ள எல்லாக் குழந்தைகளும் உங்களுக்குத் தூரத்துச் சொந்தம்தானே!

1972 அக்டோபர் 1ம் தேதி லண்டனில் லீக்கி மறைந்தார். அவர் சொன்னதெல்லாம் சரி என்று யாரும் கூறவில்லை. ஆனால், தேட வேண்டிய இடத்தை அவர் சரியாகக் காட்டினார்.

குட்டி ஆய்வாளர்களே! வித்தியாசமான கல்லோ, பானை ஓடோ உங்கள் கண்ணில் பட்டால், உடனே பெயர்த்து எடுத்துவிடாதீர்கள். எந்த இடம், என்ன தேதி என்று நோட்டில் குறித்து, படமும் வரைந்துகொள்ளுங்கள். பிறகு ஆசிரியரிடம் சொல்லுங்கள். பொருள் பாதி சாட்சிதான். அது கிடந்த இடம்தான் மீதிப் பாதி. பெரிய அறிஞரான லீக்கியே கஷ்டப்பட்டுக் கற்ற பாடம் இது. உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டதே!