பின்னங்களை ஒதுக்கியவர்

பிரூஜ் நகரில் 1548-இல் பிறந்த சைமன் ஸ்டெவின், ஆண்ட்வெர்ப்பில் வணிகக் கணக்கராக இருந்தவர். நிலம் அளப்போரும் துணி அளப்போரும் பின்னங்களோடு படும் பாட்டை நன்கறிந்தவர். அவர்களுக்காகவே 1585-இல் ‘டி தீண்டே’ என்ற டச்சுச் சிறுநூலை வெளியிட்டார். பின்னங்களைப் பத்தின் கூறுகளாக எழுதினால் முழு எண்களைப் போலவே கணக்கிடலாம் என்று காட்டினார். நான்கை மூன்றால் வகுத்தால் ஈவு முடிவின்றி நீளும் என்பதை அவர் மறைக்கவில்லை. வேண்டிய அளவில் நிறுத்திக்கொள்ளலாம் என்றார். சந்தைக்கு அது போதும்.

இளவரசர் மாரிஸின் ஆசிரியராகவும் பொறியாளராகவும் விளங்கி 1620-இல் மறைந்தார். அவர் ஒதுக்கிய பின்னமோ இன்று கணினிக்குத் தேவைப்படுகிறது. இரண்டின் அடுக்குகளில் எண்ணும் அதற்குப் பத்தில் ஒன்றே முடிவுறாத எண். ஆகவே பைத்தான் நிரல்மொழி, தொகுதியையும் பகுதியையும் இரு முழு எண்களாகவே காக்கும் தனி எண்வகையை வைத்திருக்கிறது. அதில் பத்தில் ஒன்றைப் பத்து முறை கூட்டினால் மிகச்சரியாக ஒன்று கிடைக்கும்.