கொடுமுடி கோகிலம்

நாட்டு விடுதலைக்குத் தொண்டு புரிந்தோரை எண்ணுங்கால், சிறை சென்றோரையும் தடியடி பட்டோரையும் முதற்கண் நினைப்பது நியாயமே. ஆனால் அவர்கள் பிரசங்கம் செய்ய வந்த மைதானத்திற்கு ஜனங்களைத் திரட்டித் தந்த குரல்களை மறப்பது நன்றி கொன்ற செயலாகும். அக்குரல்களுள் தலைசிறந்தது கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் குரல்.

அம்மையார் 1908-ஆம் ஆண்டு, காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிற் பிறந்தார். அவரைப் பாட வைத்தது குருகுலவாசமன்று; குடும்பத்தின் வறுமையே. இளம் பிராயத்திலேயே வேலு நாயரின் நாடகக் கம்பெனியிற் சேர்ந்தார். அது ஒலிபெருக்கி வாராத காலம். கொட்டகையின் கடைக்கோடியில் தரையில் அமர்ந்திருக்கும் குடியானவனுக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் விளங்கவேண்டும். மேல் ஸ்தாயியில் நின்று, சொல் சிதையாமல், விடிய விடியப் பாட வல்லவர்க்கே அங்கு இடமுண்டு. அக்கடுந் தேர்வில் வென்ற சாரீரம் அவருடையது.

அதே வன்மையுடன் தமிழ் மேடையை ஆண்டவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. இருவரும் இலங்கையில் நாடகமாடுங்கால் சந்தித்தனர். 1927-ஆம் ஆண்டு மணம் புரிந்தனர். அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இருபத்தேழாம் வயதிற் காலமானார். இருபத்தைந்து வயதே நிரம்பிய அம்மையார் அன்று முதல் வெள்ளை உடை பூண்டார். எந்த ஆடவருடனும் ஜோடியாக நடிப்பதில்லையென உறுதி கொண்டார்.

நம்மவர் அத்துறவையே பெரிதும் போற்றுகின்றனர். அதனினும் போற்றத்தக்கது, அதன் பின்னர் அவர் புரிந்த உழைப்பு. 1935-ஆம் ஆண்டு வெளிவந்த நந்தனார் படத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டுப் பெற்றார். நாடகப் பெண்களின் கலையை ரசித்துவிட்டு அவர்களை இழிவாக எண்ணிய சமூகத்தில், தம் குரலுக்குத் தாமே விலை கூறினார் ஒரு பெண். காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்பு யாத்திரையாகத் தமிழ்நாட்டில் உலவிச் சென்றதற்கு மறு ஆண்டு அது. அப்படத்தில் அம்மையார் நந்தனாராகவும், சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். ஆலயத்தின் புறத்தே நிறுத்தப்பட்ட அடியவரின் ஏக்கம் அக்குரல் வழியே ஊர்தோறும் ஒலித்தது.

தேசத்திற்கு அக்குரல் விலையின்றிக் கிடைத்தது. தேசியப் பாடல்களை அவர் மேடையிலும் கிராமபோன் தட்டிலும் பாடினார். 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில், சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸுக்காக ஊர் ஊராகச் சென்றார். எழுத்தறியாத வாக்காளருக்கு நீண்ட பிரசங்கம் விளைக்காத உணர்ச்சியை ஒரு பாட்டு விளைத்தது. 1951-ஆம் ஆண்டு சென்னைச் சட்ட மேல்சபையில் அவருக்கு இடமளிக்கப்பட்டது. சினிமாக் கலைஞர் ஒருவர் இந்நாட்டுச் சட்டசபையுள் புகுந்தது அதுவே முதன்முறையென்பர். அது சலுகையன்று; காலந்தாழ்ந்து தீர்க்கப்பட்ட கடன்.

பின்னர் 1953-ஆம் ஆண்டு எஸ். எஸ். வாசனின் ஔவையார் படம் வந்தது. தமிழ் மூதாட்டியின் உருவம் இன்னதென அது மக்கள் மனத்திற் பதித்தது. 1965-ஆம் ஆண்டு திருவிளையாடல் படத்தில், கனி கிடைக்காமற் கோபித்துப் பழனிக்கு வந்த முருகனைத் தேற்றும் ஔவையாராக மீண்டும் பாடினார். பழனியாண்டவனைத் தம் வீட்டுத் தெய்வமாகக் கொண்ட கன்னிவாடி முதலான திண்டுக்கல் சீமை ஊரார்க்கு, அது தங்கள் மலையின் கதை. ஔவையென்றால் அவர்தம் செவியில் ஒலிப்பது இந்த அம்மையாரின் குரலே.

தமிழ் இசைச் சங்கம் 1966-ஆம் ஆண்டு இசைப் பேரறிஞர் பட்டம் வழங்கிற்று. துணைவன் படப் பாடலுக்காக 1969-ஆம் ஆண்டின் தேசிய விருதும், 1970-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் வந்து சேர்ந்தன. 1980-ஆம் ஆண்டு அம்மையார் மறைந்தார்.

பொதுவாழ்வில் ஈடுபட்டோர் இச்சரித்திரத்திலிருந்து கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கூட்டம் சேர்க்கக் கலைஞரை அழைப்பதும், கூட்டம் கலைந்ததும் அவரை மறப்பதும் நம்மிடையே வேரூன்றிய வழக்கம். பாடியவர்க்கு மேடையில் ஓர் ஓரம் போதாது. சபையில் ஆசனமும் சரித்திரத்தில் பக்கமும் வேண்டும். நாட்டுக்குக் குரல் ஈந்தவரும் நாட்டுக்குத் தம்மை ஈந்தவரேயாவர்.