சீகன்பால்கு: காத்திருப்பில் கனிந்த பணி

நுழையும்முன்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து புறப்படும் சரக்குப் பெட்டகம் எண்ணூர் அல்லது காட்டுப்பள்ளித் துறைமுகத்தை அடைந்து கப்பலேறுகிறது. அது எந்தக் கடலில் செல்கிறது, எந்நாளில் கரைசேரும் என்பதை அனுப்பியவர் இருந்த இடத்திலிருந்தே அறிகிறார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே சோழமண்டலக் கரையில் நிலைமை வேறு. கப்பல் வரும் என்னும் நம்பிக்கை ஒன்றே மனிதரின் கையிருப்பாக இருந்தது. அத்தகைய காலத்தில் இறைவனை நம்பிக் காத்திருந்தவர் ஒருவர், அக்காத்திருப்பைக் கல்வியாகவும் உழைப்பாகவும் மாற்றினார். அவருடைய வாழ்வே இப்பாடம்.

கடற்கரையும் கோட்டைகளும்

பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையெங்கும் ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் கோட்டைகளை எழுப்பின. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, டென்மார்க் நாட்டினர் 1620இல் தரங்கம்பாடியில் டேன்ஸ்பர்க் கோட்டையை அமைத்தனர்.

துணியும் மிளகும் நாடி வந்த இவர்களுள் இந்நாட்டு மக்களின் சமயத்தையும் நூல்களையும் அறிய முயன்றவர் மிகச் சிலரே. பழவேற்காட்டில் போதகராகப் பணியாற்றிய ஆபிரகாம் ரோஜேரியஸ் அச்சிலருள் ஒருவர். இந்து சமயத்தைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1651இல்தான் வெளிவந்தது. எழுதியவர் தம் உழைப்பின் பயனைக் காணாமற்போகும் இந்நிலையைச் சீகன்பால்குவின் வாழ்விலும் காணப்போகிறோம்.

இளமையும் அழைப்பும்

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் செருமனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். தாய் இறக்கும் தறுவாயில், தம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் செல்வம் திருமறையே என்று கூறியதாக அவர் வரலாறு சொல்கிறது. பிள்ளைக்கு எஞ்சியது வறுமை, நலிந்த உடல், அசையாத இறைநம்பிக்கை ஆகிய மூன்றுமே.

ஹாலே நகரில் பேராசிரியர் பிராங்கேயிடம் அவர் சமயக்கல்வி பயின்றார். உடல்நலக் குறைவால் கல்வி இடையிடையே தடைப்பட்டது. தாம் எதற்கும் தகுதியற்றவரோ என்னும் ஐயம் அவரை வருத்தியது. இந்நிலையில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக், தரங்கம்பாடிக்குச் சமயப்பணியாளர்களை அனுப்ப விரும்பினார். சீகன்பால்குவும் அவர் நண்பர் ஹென்ரிக் புளுட்சோவும் தெரிந்தெடுக்கப்பெற்றனர். 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பல், ஏழு திங்களுக்கும் மேலான பயணத்திற்குப் பின் 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தது. அப்போது சீகன்பால்குவின் அகவை இருபத்து மூன்று.

வரவேற்பில்லாத கரை

மன்னரின் ஆணை பெற்று வந்தவர்களைக் கோட்டையின் ஆளுநர் ஹாசியஸ் மகிழ்ச்சியுடன் ஏற்கவில்லை. சமயப்பணி வணிகத்திற்கு இடையூறாகும் என்று வணிகக் குழுமத்தினர் அஞ்சினர். வந்த நாளிலேயே இருவரும் நெடுநேரம் காக்க வைக்கப்பட்டனர். தங்குமிடமும் முறையாகக் கிட்டவில்லை. ஊருக்குத் திரும்புவதாயினும் அடுத்த கப்பலுக்காகப் பன்னாள் காத்திருக்க வேண்டும். மன்னருக்கு முறையிட்டு எழுதினாலும் மறுமொழி வர ஓராண்டுக்கு மேலாகும். சிலபொழுது ஈராண்டும் ஆகும்.

இத்தகைய சூழலில் சீகன்பால்கு எடுத்த முடிவு எண்ணத்தக்கது. நாளை நிகழவிருப்பதை இறைவனிடம் ஒப்படைத்தார். இன்று செய்யத்தக்கதைத் தாம் மேற்கொண்டார். இன்று செய்யத்தக்கது தமிழ் கற்பது என்று அவருக்குத் தோன்றியது.

மணலில் எழுதிய எழுத்து

அக்காலத் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர் மணலில் விரலால் எழுதி எழுத்துகளைப் பயின்றனர். முதியவரான தமிழாசிரியர் ஒருவரின் பள்ளியில் அச்சிறுவரோடு தாமும் தரையில் அமர்ந்து சீகன்பால்கு மணலில் எழுதினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்னும் எண்ணம் அவரைத் தடுக்கவில்லை. ஐரோப்பிய மொழிகள் சில அறிந்த அழகப்பர் என்பாரும் அவருக்குத் துணைபுரிந்தார்.

பேச்சுத் தமிழோடு அவர் நிறைவடையவில்லை. ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டினார். 1708இல் தம்மிடமிருந்த நூறுக்கும் மேற்பட்ட தமிழ்நூல்களைக் குறிப்புகளுடன் பட்டியலாக எழுதினார். தமிழ் நூல்களுக்கு ஐரோப்பியர் ஒருவர் உருவாக்கிய தொடக்ககால அட்டவணைகளுள் அது சிறப்பிடம் பெறுவது. நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய அறநூல்களைச் செருமானிய மொழியில் பெயர்த்தார். கல்வியும் ஒழுங்கும் அற்ற மக்களைக் காணப்போவதாக எண்ணி வந்தவர், அறநூல்களும் நுண்ணிய சிந்தனையும் உடைய சமுதாயத்தைக் கண்டார். தம் முன்னைய எண்ணம் தவறு என்பதை மறைக்காமல் தாயகத்திற்கு எழுதினார். கற்பிக்க வந்தவர் முதலில் கற்பவரானார்.

சிறையும் பொறுமையும்

1707இல் தரங்கம்பாடியில் சிறிய ஆலயம் ஒன்று எழுந்தது. பெண் குழந்தைகளுக்கான பள்ளியும் தொடங்கப்பெற்றது. ஆயினும் இடர்கள் ஓயவில்லை. ஐரோப்பாவிலிருந்து உதவியாக அனுப்பப்பட்ட பணம், கரையருகே வந்த நிலையில் கடலில் மூழ்கியது. கடன் சுமை கூடியது.

1708 அக்டோபர் 17ஆம் நாள் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் பணியைத் தொடங்கினார். அடுத்த திங்களிலேயே அப்பணி நின்றது. கைம்பெண் ஒருவரின் கடன் வழக்கில் அவருக்காகப் பரிந்து பேசியதால் ஆளுநரின் சினத்திற்கு ஆளாகி, டேன்ஸ்பர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். சிறைவாசம் ஏறத்தாழ நான்கு திங்கள் நீடித்தது. தொடக்கத்தில் எழுதுகோலும் தாளும் மறுக்கப்பட்டன. எப்போது விடுதலை, பணி தொடருமா, தொடங்கிய மொழிபெயர்ப்பு முடியுமா என்னும் வினாக்களுக்கு அவரிடம் விடையில்லை.

இறைவனின் திட்டம் தமக்குப் புலப்படாவிடினும் அது இல்லாமற்போவதில்லை என்பது அவர் கொண்ட நம்பிக்கை. துன்பத்தைத் துன்பமன்று என்று அவர் கருதவில்லை. தமக்கு இழைக்கப்பட்ட அநீதியை எடுத்துரைக்கவும் தயங்கவில்லை. அதே வேளையில் வெறுப்பில் நாளைக் கழிக்காமல் இறைவேண்டலிலும் சிந்தனையிலும் கழித்தார். 1709 மார்ச்சுத் திங்களில் விடுதலையானார். அவ்வாண்டு சூலையில் கிரண்ட்லர் முதலிய துணைப்பணியாளர்கள் வந்துசேர்ந்தனர். நின்றுபோன மொழிபெயர்ப்பு தொடர்ந்தது. 1711 மார்ச்சு 31ஆம் நாள் நிறைவுற்றது.

அச்சுப்பொறியின் நெடும்பயணம்

ஓலையில் எழுதிய படிகள் சிலரையே எட்டும். பலரும் படிக்க வேண்டுமாயின் அச்சு வேண்டும். 1711இல் இலண்டனிலுள்ள கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அச்சுப்பொறியையும் தாளையும் யோனாஸ் பின்கே என்னும் அச்சுத் தொழிலாளரையும் கப்பலில் அனுப்பியது. தென்னமெரிக்காவின் இரியோ டி செனீரோ துறையில் பிரெஞ்சுப் படை அக்கப்பலைக் கைப்பற்றியது. மீட்புப் பணம் கொடுத்தபின் கப்பல் விடுவிக்கப்பட்டது. பயணம் தொடர்ந்தபோது பின்கே காய்ச்சலால் உயிர்நீத்தார். 1712இல் அச்சுப்பொறி தரங்கம்பாடிக்கு வந்தது. அதனை இயக்க வந்தவர் வரவில்லை.

அச்சுத்தொழில் அறிந்த படைவீரர் ஒருவர் அவ்வூரிலேயே இருந்தார். அவர் உதவியால் முதலில் போர்த்துகீசிய மொழி நூல் அச்சாயிற்று. 1713இல் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகளுடன் அட்லர் என்னும் தொழில்வல்லுநர் வந்தார். அவ்வெழுத்துகள் உருவில் பெரியவை. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் கையிருப்பிலுள்ள தாள் போதாது. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க முனைந்தனர். அதற்கு ஈயம் வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைப் பொதிந்திருந்த ஈயத்தகடுகளை உருக்கி எழுத்துகள் வார்த்தனர். பின்னர், அருகிலுள்ள பொறையாற்றில் தாள் ஆலையும் அமைந்தது.

1714இல் நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும் அச்சாயின. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. இந்திய மொழிகளுள் முதன்முதலில் புதிய ஏற்பாடு அச்சேறிய பெருமை தமிழுக்கு வாய்த்தது. மொழிபெயர்ப்பு முடிந்து நூல் வெளிவர நான்கு ஆண்டுகள் சென்றன. போர், நோய், தாள்முடை, எழுத்துமுடை ஆகிய ஒவ்வொரு தடையும் அந்நான்கு ஆண்டுகளுள் எதிர்ப்பட்டது. ஒவ்வொன்றையும் கடக்கக் கைக்கு எட்டிய வழி தேடப்பட்டது. நம்பிக்கை ஒருபுறமும் உழைப்பு மறுபுறமும் நின்று அப்பணியை நிறைவேற்றின.

இறுதி ஆண்டுகள்

1714இல் ஐரோப்பா சென்ற சீகன்பால்கு, மரியா டொரோத்தியா சால்ஸ்மனை மணந்து 1716இல் தமிழகம் திரும்பினார். இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணநூல் அவ்வாண்டில் ஹாலேயில் அச்சாயிற்று. 1717இல் சென்னையிலும் கடலூரிலும் அறப்பள்ளிகள் தொடங்கப்பெற்றன. 1718 அக்டோபர் 11ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயம் வழிபாட்டிற்குத் திறக்கப்பெற்றது. அவ்வாலயம் இன்றும் தரங்கம்பாடியில் நிலைத்து நிற்கிறது.

எல்லாம் கைகூடியதாகத் தோன்றிய அவ்வேளையில் புதிய துயரம் வந்தது. கோபன்ஹேகனில் பணிக்குழுவின் செயலராக இருந்த வெண்ட், ஆலயமும் பள்ளியும் கட்டுவதை ஏற்காதவர். சமயப்பணியாளர் உடைமையின்றி ஊரூராகச் சென்று போதிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அவருடைய கடுமையான கடிதங்கள் நோயுற்றிருந்த சீகன்பால்குவின் உள்ளத்தைப் புண்படுத்தின. முன்னர்ப் பகைத்தவர்களின் செயலைப் பொறுத்தவருக்குத் தம்மவரின் குற்றச்சாட்டு பெருஞ்சோதனையாயிற்று. 1719 பிப்ரவரி 23ஆம் நாள் தம் முப்பத்தாறாம் அகவையில் அவர் காலமானார். தாம் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

பழைய ஏற்பாட்டின் தமிழாக்கத்தில் அவர் ரூத்து என்னும் பகுதிவரையே முடித்திருந்தார். எஞ்சியதைப் பின்வந்த சூல்ட்சே நிறைவுசெய்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதிய விரிவான நூல் அவர் வாழ்நாளில் அச்சாகவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், 1867இல் சென்னையில்தான் அது அச்சேறியது.

வாழ்வு உணர்த்துவது

இறைவனை நம்பியவருக்கு விரும்பியவை எல்லாம் விரும்பிய நாளிலேயே கிடைக்கும் என்று சீகன்பால்குவின் வாழ்வு கூறவில்லை. அவர் வேண்டியவற்றுள் சில கிடைத்தன. சில காலந்தாழ்ந்து கிடைத்தன. சில அவர் கண்மூடியபின்னரே நிறைவேறின. முடிவு தம் கையில் இல்லை என்பதை அவர் ஏற்றார். முடிவு தெரியாத காரணத்தால் முயற்சியை நிறுத்தவில்லை. கப்பல் வாராத நாள்களில் தமிழ் கற்றார். அச்சு வாராத நாள்களில் மொழிபெயர்த்தார். சிறையிலும் சிந்தனையை விடவில்லை.

தேர்வு முடிவுக்கோ, வேலைக்கான அழைப்புக்கோ, நோயுற்ற உறவினர் நலம்பெறும் நாளுக்கோ காத்திருக்கும் நிலை எவர்க்கும் வரும். அந்நாள்களை எவ்வாறு கழிப்பது என்னும் வினாவுக்கு, மணலில் எழுத்துப் பயின்ற அவ்விளைஞரின் வாழ்வு ஒரு விடையாக அமைகிறது.

கற்பவை கற்றபின்

1. அச்சுப்பொறி இலண்டனிலிருந்து புறப்பட்டது முதல் புதிய ஏற்பாடு வெளிவந்தது வரையிலான தடைகளையும் அவை நீங்கிய வகைகளையும் வரிசைப்படுத்துக.

2. பொறுமை என்பது செயலற்றிருப்பதன்று என்பதைச் சீகன்பால்குவின் வாழ்வு நிகழ்ச்சிகள் இரண்டைக் கொண்டு விளக்குக.

3. உங்கள் மாவட்டத்தில் உள்ள பழைய கோட்டை, ஆலயம் அல்லது கல்லறைத் தோட்டம் ஒன்றைக் கண்டு, அது கூறும் வரலாற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.